கலங்காத குடுவைகள்

நான் ஓய்வு பெற்ற அன்று, என்னோடு வேலை செய்த இளையவர்கள் கேக் வெட்டிவிட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். கொரோனாத் தடுப்பூசிக் காலம் முடிந்து, லிப்பிட் நானோ துகள் என்ற சொல் பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் பழகிவிட்டிருந்தது. “அங்கிள், நீங்கள் இதை ரெண்டாயிரத்தி ஒன்பதிலேயே செய்தீர்களாமே, அப்ப எப்படி இருந்தது?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். இப்போதைய இயந்திரம் தானாகவே பிரஷரைக் குறைத்துக்கொள்ளும். அந்த நாளில் பம்ப்பின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றோம் என்று சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கேக் தட்டோடு நிற்கிறவர்களிடம் சொல்லக்கூடிய கதை அல்ல அது.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பு பாதியில் நின்றது. எண்பதுகளில் ஒல்லாந்துக்கு அகதியாகப் போய், ஒரு சீஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் மோர்த்தண்ணியிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்க, மிக நுண்ணிய துளைகள் உள்ள சவ்வுகளின் மேலால் அதை ஓடவிடுவார்கள். அந்த வடிகட்டிகளுடன் பதினைந்து வருடம் போயிற்று. பின்னேரங்களில் படித்து ஒரு டிப்ளோமாவும் எடுத்தேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தோம். எங்களைப் போல அப்படி வந்த குடும்பங்கள் நிறைய. வெஸ்ட் ஈலிங்கில் வீடு எடுத்தோம். அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், ஒரு சின்ன மருந்து நிறுவனத்தில் வடிகட்டி தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். மோருக்கும் மருந்துக்கும் சவ்வு ஒன்றுதான் என்று நினைத்துப் போனேன். சவ்வு ஒன்றுதான். மற்ற எல்லாம் வேறு.

நாங்கள் செய்தது இதுதான். உயிரணுவுக்குள் போய், ‘இந்தப் புரதத்தைச் செய்யாதே’ என்று தடுக்கக்கூடிய ஒரு சிறிய ஆர்.என்.ஏ. துண்டு இருக்கிறது. அதை அப்படியே இரத்தத்தில் விட்டால் போகவேண்டிய இடத்துக்குப் போகுமுன் சிதைந்துவிடும். ஆகவே கொழுப்பால் ஆன மிக நுண்ணிய உருண்டைகளுக்குள் அதைப் பொதிந்து அனுப்புவோம். கொழுப்பைக் கரைக்க எதனோல் என்ற மதுசாரம் தேவை. உருண்டைகள் உருவான பிறகு அந்த எதனோல் முழுக்க வெளியேற வேண்டும். இருந்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். வெளியேற்றுகிறேன் என்று பலமாக அழுத்தினாலும் அவை உடையும், நசியும். பிறகு அது மருந்தில்லை, எண்ணெய்த் தண்ணி.

அதனால் நேராக அழுத்தி வடிக்க முடியாது. நூல் போன்ற மெல்லிய குழாய்கள் நூற்றுக்கணக்கில் கட்டிய ஒரு உருளைக்குள்ளால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவோம். குழாய்ச் சுவரில் உள்ள துளைகளால் எதனோலும் தண்ணீரும் கசிந்து போகும். உருண்டைகள் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். கசிந்துபோன அளவுக்குப் புதிய உப்புக்கரைசலைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் மெதுவானால் சுவரில் பாலாடை போலப் படியும். வேகமானால் பம்ப் உருண்டைகளை அரைத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய வழி. அதில் அரை நாள் நடக்க வேண்டும்.

அந்த வழியை எனக்குக் காட்டியவர் டொக்டர் கோமதி. மலேசியாவில் ஈப்போவிலிருந்து மாணவியாக லண்டனுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என் வயதுதான் இருக்கும். தயாரிப்புப் பகுதி முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. இன்னொரு பொறுப்பும் அவருக்கு உண்டு. எந்த மருந்தும் மனிதருக்குப் போகுமுன், ‘இது சரி, வெளியே விடலாம்’ என்று சட்டப்படி தன் பெயரில் கையெழுத்திட ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் இடத்தில் அது அவர். அந்தக் கையெழுத்து நிறுவனத்தினுடையது இல்லை, அந்த ஆளுடையது. பிழை வந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.

மற்ற எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வெள்ளைக்காரர் வழக்கப்படி. எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை டொக்டர்தான். அவர் என்னைச் சிவம் என்பார்.

அவர் மருந்து செய்யும் சுத்த அறைக்குள் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொள்வார். அறைக்குள் இருக்கும்வரை ஒன்றையும் தொடமாட்டார். பிரஷர் ஏறினால் என் கை தானாக வால்வுக்குப் போகும். “இருங்க சிவம், முதல்ல பாருங்க” என்பார். அந்தச் சில விநாடிகள் எனக்கு அந்த நாளில் பெரிய எரிச்சல். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரியும். அந்தக் கண் பிரஷர் காட்டும் முள்ளைப் பார்க்காது, குழாயைப் பார்க்கும். மருந்து அதில் தண்ணீர் விட்ட பால் போல ஓடும், ஓரத்தில் லேசான நீலம். அந்த நீலம் போய் வெள்ளை கூடினால் உருண்டைகள் பெரிதாகின்றன என்று அர்த்தம். அளக்கும் கருவி அதைச் சொல்லுமுன் அவர் சொல்லிவிடுவார்.

குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் தமிழ் நின்று ஆங்கிலம் தொடங்கும். அவ்வளவுதான்.

வடித்து முடிந்தாலும் வேலை முடியாது. இந்த மருந்தைச் சூடாக்கிக் கிருமி கொல்ல ஏலாது, உருண்டைகள் தாங்காது. ஆகவே கடைசியாக இன்னொரு நுண்வடிகட்டியால் கிருமி நீக்கிக் குப்பிகளில் அடைப்போம். பிறகு சில குப்பிகளை எடுத்து, கிருமி வளரக்கூடிய ஊட்டக் கரைசல் உள்ள குடுவைகளில் விட்டு இரண்டு வாரம் இளஞ்சூட்டில் வைத்திருப்போம். கரைசல் தெளிவாகவே இருந்தால் மருந்து சுத்தம். கலங்கினால் எல்லாவற்றையும் எரிக்க வேண்டும். நான் சொல்லவந்தது நடப்பதற்கு முந்திய வருடம் ஒரு பாட்ச் மருந்து கடைசி நாளுக்கு முதல் நாள் கலங்கியது. அதுவரை கண்ணாடி போல இருந்த குடுவை காலையில் வந்து பார்த்தால் அடியில் புகை மாதிரி. டொக்டர் கோமதி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

இனி ஈமனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மருந்து செய்கிறவர்கள் நோயாளியைப் பார்ப்பது வழக்கமில்லை. எங்களுக்கு அவர்கள் ஒரு இலக்கம். ஆனால் இரண்டாயிரத்து ஒன்பது தொடங்கிய குளிர்காலத்தில், எங்கள் மருந்தை நோயாளிகளில் பரிசோதித்த ஆஸ்பத்திரி டொக்டர் ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஈமன்தான் தானே வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டாராம். அயர்லாந்துக்காரர், தச்சு வேலை செய்தவர், எங்களுக்குப் பக்கத்தில் ஹன்வெல்லில் வீடு. அவருடைய கல்லீரல் செய்யும் ஒரு புரதம் பிழையாக மடிந்து நரம்பிலும் இதயத்திலும் படிந்துகொண்டிருந்தது. பரம்பரை வியாதி. தகப்பனும் மூத்த தமையனும் அதில் போய்விட்டார்கள். இவருக்குக் கால் மரத்து, பிறகு கை. ஆணியைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். எங்கள் மருந்து அந்தப் புரதத்தைச் செய்யவிடாமல் நிறுத்துவதற்கு. முதல் முறை ஏற்றியபின் அவருடைய இரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு நன்றாக இறங்கியிருந்தது.

சுத்த அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். உயரமான மனிதர், மேல்கோட்டுக்குள் உடம்பு வற்றியிருந்தது. அவர் பேசிய ஆங்கிலத்தை நினைவில் உள்ளபடி தமிழில் தருகிறேன்.

“இதுதானா? நான் பெரிய தொழிற்சாலை என்று நினைத்தேன். இது என் சமையலறை அளவுதான் இருக்கிறது.”

“மருந்தும் கொஞ்சம்தான்” என்றேன்.

“போன முறை எனக்குள் போனது நீங்கள் செய்ததா?”

“நானும் டொக்டரும்.”

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வலித்தது. அதைக் கண்டு டொக்டர் கோமதி அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் மெதுவாக எடுத்துக்கொண்டார். எதையும் தொடாத அந்தக் கைகள் என்பதால் நான் கவனித்தேன்.

“நோயை நிற்க வைத்தால் போதும்” என்று ஈமன் அவரிடம் சொன்னார். “போனதைத் திருப்பித் தரவேண்டாம். இதோடு நிற்க வைத்தால் போதும்.”

“முயற்சி செய்கிறோம்” என்றார் டொக்டர் கோமதி. வேறு யாராவது என்றால் இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லியிருப்பார்கள்.

வங்கிகள் விழுந்த காலம் அது. எங்களுக்குப் பின்னால் நின்ற முதலீட்டாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். வசந்தம் தொடங்கும்போது, நிறுவனத்தின் இயக்குநர் மார்ட்டின் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டி, மே மாதத்தோடு மூடுகிறோம் என்றார். தயாரிப்பு அனுமதியும் அத்தோடு முடியும். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது காகிதக் கோப்பையைக் கையில் நசுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் வேலை தேடுவதைப் பற்றிப் பேச, டொக்டர் கோமதி அவரிடம் போய், “இன்னும் ஒரு பாட்ச்சுக்கு ஆர்.என்.ஏ. இருக்கிறது. செய்ய விடுங்கள். ஈமனுக்கு இன்னும் பல மாதங்களுக்குப் போதும்” என்றார். இரண்டு வாரச் சோதனையும் முடிந்து கையெழுத்திட்டு அனுப்ப நாள் இருந்தது. அந்த வேளையில் மருந்தை எதிர்பார்த்திருந்தவர் ஈமன் ஒருவர்தான். மார்ட்டின் சம்மதித்தார்.

அந்த நாட்களில் என் வீடு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில், வன்னியில் சண்டை முடிகிற நேரம். என் மனைவி ராஜியின் தம்பி குடும்பம் உள்ளுக்குள் அகப்பட்டிருந்தது. தொலைபேசி இல்லை, செய்தி இல்லை. ராஜி ஒவ்வொரு நாளும் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லிக் கூடிய சனங்களோடு போய் நின்றாள். நான் வேலை முடிந்து அங்கே போவேன். இரண்டு பேரும் ரயிலில் வீட்டுக்கு வருவோம். கடைசி பாட்ச்சுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒருநாள் அவளுக்குச் சொன்னேன்.

“ஒரு ஆளுக்கோ?” என்றாள்.

“ஓம். ஒரு ஆளுக்குத்தான்.”

“அங்கை காயத்துக்குக் கட்டச் சீலை இல்லையாம். சனங்கள் சாறியைக் கிழிச்சுக் கட்டினமாம். நீங்கள் இங்கை ஒரு ஆளுக்கு ஒரு கம்பனியையே திறந்து வைச்சிருக்கிறியள்.”

பிறகு அவளே, “செய்யுங்கோ. அந்த மனிசனாவது இருக்கட்டும்” என்றாள்.

பாட்ச் செய்யக் குறித்த நாளின் காலை, புதிய வடிகட்டி உருளையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினேன். அதன் வழியே மருந்து ஓடுமுன் ஒரு சோதனை உண்டு. சவ்வை நனைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து காற்றை அழுத்துவோம். சவ்வு முழுமையாக இருந்தால் காற்று மறுபக்கம் வராது. எங்காவது ஒரு குழாய் இழை வெடித்திருந்தால் குமிழி வரும்.

குமிழி வந்தது. மெல்லிய ஒரு கோடு, ஊசித் துளையிலிருந்து வருவது போல. மீண்டும் நனைத்துச் செய்தோம். மீண்டும் வந்தது.

எங்களிடம் வேறு உருளை இல்லை. மூடுகிற நிறுவனம் எதையும் கையிருப்பில் வைத்திருக்கவில்லை. மார்ட்டின் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று, “ஒரு இழைதானே? கொஞ்சம் மருந்து வீணாகும், அவ்வளவுதானே?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் எவ்வளவு கசியும், உள்ளே எவ்வளவு மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சியிருந்த ஆர்.என்.ஏ. முழுவதும் அந்த உருளைக்குள்ளால்தான் போக வேண்டும்.

டொக்டர் கோமதி குமிழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் பின்னால்.

“கழட்டுங்க சிவம்.”

“புதிசு ஜேர்மனியிலையிருந்து வரவேணும், டொக்டர். நாள் எடுக்கும்.”

“தெரியும். கழட்டுங்க.”

புதிய உருளை வர அடுத்த வாரம் ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தில் எங்கள் கணக்கு உடைந்தது. இனிப் பாட்ச்சைச் செய்தால், குடுவைகளின் இரண்டு வாரம் முடிவதற்கு முன்பே அனுமதி முடிந்துவிடும், வெறும் இரண்டு நாளால். மார்ட்டின் அனுமதியை நீட்டிக்க எழுதினார். மூடும் ஏற்பாட்டைக் கையில் எடுத்திருந்த கணக்காளர்கள் கேட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். அந்த நம்பிக்கையில் செய்தோம்.

அந்தப் பாட்ச்சைப் போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை.

காலையில் தொடங்கினோம். உருண்டைகள் உருவானபோதே அந்த நீலம் தெரிந்தது. நான் பம்ப்பை மெதுவாகத் திறந்தேன். முதலில் ஒன்றையும் கசியவிடாமல், மருந்தைக் குழாய்களுக்குள் வெறுமனே சுற்றவிட்டோம், சவ்வு பழகுவதற்கு. பிறகு கசிவு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். மறுபக்கத்தில் தெளிந்த தண்ணீர் துளித்துளியாக விழத் தொடங்கியது. மதியத்துக்குக் கிட்டப் பிரஷர் ஏறத் தொடங்கியது. சுவரில் பாலாடை போலப் படிகிறது. என் கை வால்வுக்குப் போகவில்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் குழாயைப் பார்த்தார்.

“கசிவை மூடுங்க. ஓடட்டும்.”

கசிவை மூடினேன். மருந்து மட்டும் சுவரைத் தடவிக்கொண்டு சுற்றியது. படிந்தது கரைந்து மெல்ல மெல்ல ஓட்டத்தோடு சேர்ந்தது. முள் இறங்கியது. திரும்பவும் திறந்தோம், முன்னைவிடக் குறைவாக. திரும்ப ஏறியது, திரும்ப மூடினோம். இப்படிப் பல தடவை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் ஒரு தடவைகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கடைசியில் எதனோல் மணம் முற்றாகப் போய், குழாயில் அந்த நீலம் அப்படியே இருந்தது. உருண்டைகளின் அளவை எடுத்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே அளவு. கடைசி நுண்வடிகட்டியால் தடையில்லாமல் இறங்கியது. குப்பிகளை அடைத்து முடித்தபின் டொக்டர் கோமதி முகமூடிக்குள்ளால் ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. திருப்பிக் கேட்டதற்கு, “நல்லா இருக்கு சிவம். ரொம்ப நல்லா இருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகு காத்திருப்பு. குடுவைகளை ஒவ்வொரு காலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தெளிவு. அடுத்த நாள், தெளிவு. அதற்கிடையில் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது. ராஜி பாராளுமன்றத்துக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாள். தம்பி இல்லை, அவனுடைய மனைவியும் மகளும் முகாமில் இருக்கினம் என்று அந்த மாதக் கடைசியில் ஒருவர் சொன்னார்.

அனுமதி முடியும் நாள் வெள்ளிக்கிழமை. நீட்டிக்க ஏலாது என்று பதில் வந்திருந்தது. மரியாதையான பதில். மூடுகிற நிறுவனத்துக்கு நீட்டிக்க வழியில்லை, இன்னொரு நிறுவனம் பொறுப்பெடுத்தால் விண்ணப்பிக்கலாம், மாதக் கணக்கில் ஆகும். டொக்டர் கோமதி தனக்குத் தெரிந்த எல்லா இடத்துக்கும் போன் எடுத்தார். வேறொருவர் செய்த பாட்ச்சைத் தன் பெயரில் ஏற்க யாரும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வெள்ளி மத்தியானம் மார்ட்டின் டொக்டர் கோமதியின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“குடுவைகள் தெளிவாக இருக்கின்றன. இன்னும் இரண்டு நாள்தான் மிச்சம். நீங்கள் இன்றைக்குக் கையெழுத்திட்டால் ஆஸ்பத்திரி வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். நாளைக்கு நீங்கள் விரும்பினாலும் முடியாது” என்றார் மார்ட்டின்.

“சோதனை முடியவில்லை” என்றார் டொக்டர் கோமதி.

“ஆஸ்பத்திரி டொக்டர் ஏற்றுக்கொள்ளத் தயார் என்கிறார்.”

“அவர் கையெழுத்திடப்போவதில்லை. நான்தான் இடவேண்டும்.”

மார்ட்டின் போய்விட்டார். நான் நின்றேன். டொக்டருக்குக் கீழே வேலை செய்த வருடங்களில் அவர் முடிவை நான் மறுத்ததே இல்லை. அன்றைக்கு வாய் திறந்தேன்.

“டொக்டர், அந்த உருளையை நாங்கள் சோதிச்சுப்போட்டுத்தானே பாவிச்சனாங்கள். கடைசி வடிகட்டியும் பாஸ். குடுவையும் பளிங்கு மாதிரி இருக்கு. இது சுத்தமான மருந்து. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“நம்புறேன். தெரியாது.”

“அந்த மனிசனுக்கு வேறை வழியில்லை.”

“போன வருசம் அந்தக் குடுவை நியாபகம் இருக்கா சிவம்? அதுக்கு முந்தின நாள் யாராவது கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? இதேதான் சொல்லியிருப்பீங்க. நானும்தான்.” பிறகு மெதுவாக, “அவரு இதயம் ஏற்கெனவே பழுது. இரத்தத்துல நேரா ஏத்தறது. ஒரு கிருமி இருந்தா ராத்திரி தாண்டமாட்டாரு. அப்ப நான் அவரைக் கொன்னவ” என்றார்.

“ஏத்தாட்டி?”

அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். ஐந்து மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தோம். கூப்பிடவில்லை, சொல்லிக்கொள்ளவுமில்லை, இரண்டு பேருமே வந்துவிட்டோம். டொக்டர் குடுவைகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லாம் தெளிவு. ஒரு தூசு இல்லை. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. குடுவைகளை இருந்த இடத்தில் திரும்ப வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக.

திங்கட்கிழமை மருந்துக் குப்பிகளை எரிப்பதற்கான மஞ்சள் பெட்டிக்குள் போட வேண்டியிருந்தது. அது என் வேலை. அவர், நானே போடுகிறேன் என்று கையுறையைப் போட்டார். நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று. மருந்து இனிக் கிடைக்காது என்று ஆஸ்பத்திரி டொக்டர் ஈமனிடம் சொல்லிவிட்டார். டொக்டர் கோமதி அத்தோடு விட்டிருக்கலாம். “நான் நேர்ல போய்ச் சொல்லணும். கார்ல கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கூட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது ஈமனின் மகள் நோரா, முப்பது வயது இருக்கும். ஈமன் ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். டொக்டர் கோமதி உட்காரவில்லை.

“மருந்து நல்ல மருந்து” என்றார். “ஞாயிற்றுக்கிழமை சோதனை முடிந்தது, சுத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்திட்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இடவில்லை. வேறு யாருடைய முடிவும் இல்லை, என்னுடையது.”

ஈமன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கிழமை உங்களுக்கு அது தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“அப்படியென்றால் சரி” என்றார். அதைச் சொன்ன குரல் சரி என்று சொன்ன குரலாக இல்லை.

நோரா சுவரோடு நின்றாள். “நீங்கள் இதை எதற்கு இங்கே வந்து சொல்கிறீர்கள்? உங்களுக்குப் பாரம் குறையவா? எங்களுக்குக் கூடுகிறது” என்றாள். “எங்கள் சித்தப்பாவுக்கும் தொடங்கிவிட்டது. அடுத்தது நானாக இருக்கலாம். உங்கள் விதி சரியாக இருந்தது. சந்தோஷம். இப்போது போங்கள்.”

போனோம். திரும்பும் வழியில் பாலத்தடியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, “அவ சொன்னது சரி. நான் வந்திருக்கக் கூடாது” என்றார்.

ஈமன் அதற்கு அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லி அறிந்தேன். டொக்டர் கோமதி அப்போது லண்டனில் இல்லை. அதே வகை மருந்து செய்யும் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போயிருந்தார். கையெழுத்திடும் பொறுப்பை அங்கும் எடுத்திருந்தார். நான் அதை விட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். எனக்கு வேறொரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, அங்கிருந்துதான் ஓய்வும் பெற்றேன். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை போனில் பேசுவோம். பம்ப்பைப் பற்றிப் பேசுவோம். பிள்ளைகளைப் பற்றி, ஊரைப் பற்றிப் பேசுவோம். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசியதில்லை. அவர் செய்தது சரி என்று நான் பிறகு பல தடவை எனக்கே சொல்லியிருக்கிறேன். இப்போதும் அதுதான் என் எண்ணம். ஆனால் சரியான ஒன்றை நினைக்கும்போது மனதுக்கு வரவேண்டிய ஆறுதல் ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த நோய்க்கு அந்த வகை மருந்து ஒன்பது பத்து வருடங்களுக்குப் பிறகு உண்மையாகவே வந்தது. ஆஸ்பத்திரிகளில் கொடுக்கத் தொடங்கினார்கள். டொக்டர் கோமதி போன் எடுத்து, “சிவம், அந்தப் பொண்ணு எப்படி இருக்கான்னு பார்க்க முடியுமா?” என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

ஹன்வெல்லுக்குப் போனேன். அதே வீடு. நோராவுக்குத் தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு உள்ளே விட்டாள். அவளுக்குக் கால் விரல்களில் தொடங்கிக் கைக்கு வந்திருந்தது. மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அங்கேயே நின்றுவிட்டது. போனது போனதுதான், ஆனால் மேலே ஏறவில்லை என்றாள். நான் எழும்பும்போது, “உங்களை அந்த டொக்டர் அனுப்பினாரா?” என்று கேட்டாள்.

“ஆம்.”

“நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். மறந்துவிடாமல் சொல்லுங்கள்.”

வீட்டுக்கு வந்து டொக்டருக்குப் போன் எடுத்தேன். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“சரி” என்றார். “அது அவ உரிமை.” பிறகு, “கை எப்படி இருக்கு? கப்பு பிடிக்க முடியுதா அவளால?”

“பிடிக்கிறா, டொக்டர். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தது அவதான்.”

“சிந்தாம?”

“சிந்தாமல்.”

அவர் அழுகிறார் என்று விளங்கியது. நான் போனை வைக்காமல் காதோடு பிடித்துக்கொண்டு இருந்தேன்.